பிள்ளை எந்த ஊரில் படிக்கும்?

கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிடுகிறது. பிள்ளையை வைத்திருப்பவர் பிழைப்புக்காகவோ மறுமணத்துக்காகவோ வேறு ஊருக்குக் குடிபோக நேர்ந்தால்? இந்தக் கேள்விக்கு நம் சட்டத்தில் நேரான பதில் கிடையாது. பதில் இல்லாததால் ஒரு தரப்பு சொல்லாமல் கிளம்புகிறது, மறு தரப்பு போலீஸுக்கு ஓடுகிறது. நடுவில் பிள்ளையின் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது.

அண்மையில் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு வழக்கு இப்படித்தான் தொடங்கியது. கேரளத் தம்பதி ஒன்று 2015-ல் மணவிலக்குப் பெற்றது. மகன் அம்மாவிடம் இருப்பான், அப்பா வந்து பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அம்மா மறுமணம் செய்துகொண்டார். 2019-ல் புதுக் குடும்பத்தோடு மலேசியா போகத் திட்டமிட்டு, மகனின் பயணத்துக்கான தாள்களில் கையெழுத்துக் கேட்டபோதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் வழக்குப் போட்டார்.

கேரள உயர் நீதிமன்றம் பையனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதைக் கேட்டதிலிருந்து பையனுக்குப் பதற்றம், பயம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அவனைப் பார்த்து அறிக்கை தந்தார்கள். 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, பையன் அம்மாவிடமே இருக்கட்டும் என்றது. நீதிமன்றம் தன் தவறைத் திருத்திக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனாலும் ஒரு கையெழுத்தில் தொடங்கிய வழக்கு முடிவதற்குள் அந்தப் பையன் ஒன்றாம் இரண்டாம் வகுப்பைத் தாண்டி மீசை அரும்பும் வயதை எட்டிவிட்டான்.

சேலம் தாண்டினால் கதை வேறு

மலேசியாவை விடுங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்துக்கு வருவோம். ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், ஒன்று மூன்றாவது படிக்கிறது, மற்றது ஆறாவது என்று வைத்துக்கொள்வோம். புருஷனோடு தீர்த்துவிட்டாச்சு. அம்மா வீட்டில் ஒரு வருஷம் ஓடிவிட்டது, அண்ணன் மனைவியின் முகம் மாறத் தொடங்கியிருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவர் வேலைக்குக் கூப்பிடுகிறார். இங்கே நூறு நாள் வேலையும் கரும்பு வெட்டும் தருவதைவிட அங்கே கிடைக்கும் வாரக் கூலி அதிகம்.

சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் குடி மாறினால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. சேலம் தாண்டினால் கதை வேறு.

முதல் முட்டுக்கட்டை பள்ளி. டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் போனால், “அப்பா கையெழுத்து இருக்கா?” என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. நாளை அப்பா வந்து மேசையைத் தட்டினால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான். டி.சி. கொடுத்தாலும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் பிள்ளையின் எண்ணைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். ரேஷன் அட்டையில் பிள்ளையின் பெயரை நீக்கப் போனால் ஓ.டி.பி. போய் விழுவது புருஷனின் செல்போனில்.

உண்மையில் டி.சி. விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பள்ளி மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்றது. அந்த வழக்கு கட்டணப் பாக்கியைப் பற்றியது. ஆனால் அது அப்பா அம்மா சண்டைக்கும் பொருந்தும்: பெரியவர்கள் பஞ்சாயத்துக்குப் பிள்ளையின் சான்றிதழைப் பணயம் வைக்கக் கூடாது.

இப்போது அப்பாவின் பக்கம். நீதிமன்றம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தந்திருக்கிறது. உள்ளூரில் இருந்தவரை பிள்ளையை டி.வி.எஸ். வண்டியில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போவார். திருப்பூர் என்றால் சனிக்கிழமை இரவே பஸ் ஏற வேண்டும், திங்கட்கிழமை கூலியும் போகும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உட்கார அங்கே அவருக்கு ஒரு திண்ணைகூடக் கிடையாது. பஸ் ஸ்டாண்டிலும் பேக்கரியிலும் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்புவார். மூன்று மாதம் போவார், நான்காம் மாதம் போக மாட்டார்.

“அவன் வரவே மாட்டேங்கிறான்” என்பார் அம்மா. “எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோயிட்டா” என்பார் அப்பா. இருவர் சொல்வதும் உண்மைதான்.

சொல்லாமல் போனவருக்கே லாபம்

இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், மலைமக்கள் எல்லோருக்கும் பொதுவாக நிற்பது 1890-ல் வெள்ளைக்காரன் போட்ட காப்பாளர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம். பிள்ளை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளையை இடம் மாற்றிய பிறகு ‘வழக்கமாக வசிக்கும் ஊர்’ எது? அப்பா கள்ளக்குறிச்சி என்பார், அம்மா திருப்பூர் என்பார். இதைத் தீர்க்கவே வாய்தா மேல் வாய்தா.

நாள் போகப் போக, பிள்ளை புது ஊரில் வேர் பிடித்துவிடும். பிள்ளை அங்கே பழகிவிட்டது, இனிக் கலைக்க வேண்டாம் என்று நீதிமன்றமும் நினைக்கும். பிள்ளையின் நலன்தான் முதல் அளவுகோல் என்பதால் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. ஆக, முன்கூட்டிச் சொல்லி அனுமதி கேட்பவர் வழக்கில் மாட்டுகிறார். ராத்திரி பஸ் ஏறியவர் ஜெயிக்கிறார். நம்முடைய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். அம்மாக்கள் மட்டுமல்ல, பள்ளி விட்டு வரும் பிள்ளையை வழியிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு பாட்டி ஊருக்குக் கொண்டுபோகும் அப்பாக்களும் இதே ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அனுமதியில்லாமல் பிள்ளையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பெற்ற தாயும் தகப்பனும் பெரும்பாலும் அப்படி ‘நியமிக்கப்பட்டவர்கள்’ அல்ல. அவர்கள் ஊர் மாறும்முன் யாருக்கு, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று தனி விதி எதுவும் இல்லை.

போலீஸ் நிலையத்தில் “பிள்ளையைக் கடத்திட்டா” என்று மனு எழுதுவதாலும் பெரிய பயன் கிடையாது. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாதவரை பெற்றவர் தன் பிள்ளையைக் கூட்டிப்போவது பொதுவாகக் கடத்தல் குற்றம் ஆவதில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்குச் சென்னை வரை போக வேண்டும், செலவழிக்கத் தெம்பும் வேண்டும்.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பிறகு’ தாய் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தாயின் கையெழுத்துப் போதாது என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ‘பிறகு’ என்றால் தந்தை செத்த பிறகு என்று பொருளல்ல, தந்தை பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் அலுவலகக் கவுண்டர்களில் இன்னமும் “அப்பா கையெழுத்து?” என்றுதான் கேட்கிறார்கள்.

வேலையா, பிள்ளையா?

2010-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், மணவிலக்குப் பெற்ற தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை. மகனையும் கூட்டிப்போக அனுமதி கேட்டார். தந்தை மறுத்தார். நீதிபதிகள் பையனையே தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் அம்மாவோடு இருக்கவே விரும்பினான். வேலையா பிள்ளையா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்ற கருத்தில் அனுமதி தந்தது நீதிமன்றம். பையன் இந்தியா வரும்போது தந்தை பார்ப்பதற்கும் வழிசெய்தது. பிள்ளைப் பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவும் கடைசி உத்தரவு அல்ல, சூழ்நிலை மாறினால் அதையும் மாற்றலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பு மறுபடி சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம்தான் அது.

2022-ல் சென்னையில் இன்னொரு வழக்கு. தாய் வேலைக்காக மகளோடு குருகிராம் போனார். தந்தை அங்கே போய் மகளைப் பார்க்கலாம் என்ற உயர் நீதிமன்ற நீதிபதி, வருகிறவரை விருந்தாளியாக நடத்தி டீயும் பலகாரமும் கொடுக்கவும் சொன்னார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு, ஒருவர் மற்றவரை எப்படி உபசரிக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று அந்தப் பகுதியை நீக்கியது. ஊரெல்லாம் டீயையும் பலகாரத்தையும் பற்றியே பேசியது. சென்னையிலிருந்து குருகிராம் போய்வர என்ன செலவு, அதை யார் தருவது என்பதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

வெளிநாட்டு வழக்குகள் தனிக் கதை. பிரிட்டனிலிருந்து பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிவந்த ஒரு தாய், அங்குள்ள நீதிமன்ற உத்தரவை மதித்துத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு. 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் போக்கை மாற்றி, வெளிநாட்டு உத்தரவு கணக்கில் எடுக்க வேண்டிய விஷயங்களில் ஒன்றுதான், பிள்ளையின் நலனே முதன்மை என்றது. நாடு விட்டு நாடு கொண்டுபோகப்படும் பிள்ளைகளுக்கான 1980 ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001-லேயே சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை.

மலைக்கு மேலே எந்தச் சட்டம்?

கல்வராயன் மலையில் கதை இன்னும் வேறு. இங்கே வாழும் ‘மலையாளி’ என்ற மலைமக்கள் பட்டியல் பழங்குடியினர். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் சரி, 1956-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் சரி, மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று கீழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் விதி, எழுத்துப்படி மலைமேல் கிடையாது.

அங்கே நடப்பது வழக்கப்படி. ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் உட்கார்ந்து, பரியம் எவ்வளவு, யார் எதைத் திருப்பித் தர வேண்டும், பிள்ளை யாரிடம் என்று பேசி முடிக்கிறார்கள். இதைக் குறைசொல்ல நான் வரவில்லை. கீழே ஏழு வருஷம் நடக்கும் வழக்கு அங்கே ஒரே நாளில் தீர்கிறது. வாய்தா இல்லை, வக்கீல் ஃபீஸ் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண் எவ்வளவு பேச முடிகிறது, பிள்ளையிடம் யாராவது கேட்கிறார்களா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. பேசியது தாளில் ஏறுவதும் அரிது.

சிக்கல் வருவது மலையை விட்டு இறங்கும்போது. கேரளத்துக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகும் தாய் பிள்ளையையும் கூட்டிப்போனால், ஊர் சொன்ன தீர்ப்பு அங்கே யாருக்கும் தெரியாது. சாதிச் சான்றிதழ் இன்னொரு வலி. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்குக் கேட்பது பெரும்பாலும் அப்பா வழித் தாள்கள். பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் எல்லா மாவட்டங்களுக்கும் பொருந்துவதும் இல்லை. ஈரோட்டு மலைகளில் இருக்கும் மலையாளிகள் இதற்காகவே பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். சான்றிதழ் வாங்காமல் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறிய பிள்ளைக்கு, பத்தாம் வகுப்பு முடித்து உதவித்தொகைக்கோ விடுதிக்கோ மனு போடும் நாளில்தான் இழப்பு புரியும். அதற்குள் அப்பாவைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுப்போவது இன்னொரு வழி. பிரிந்த இருவரும் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போக, பிள்ளை விடுதியில் வளர்கிறது. இருவரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதால் எந்த நீதிமன்றத்துக்கும் போகாது. லீவு விட்டால் பிள்ளை யார் வீட்டுக்குப் போகும் என்பதைக்கூடச் சில நேரம் விடுதிக் காப்பாளர்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலில், சொல்லிவிட்டுப் போகிறவருக்குப் பயன் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிள்ளையோடு வீடு மாறும் பெற்றவர், முடிந்தவரை 45 நாள் முன்னதாக மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம். ஃபுளோரிடாவில் 50 மைல், அதாவது 80 கி.மீ. தாண்டி மாறுவதாக இருந்தால்தான் சட்டம் தலையிடும். சங்கராபுரத்தை நடுவில் வைத்து 80 கி.மீ.க்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கள்ளக்குறிச்சியும் திருவண்ணாமலையும் உள்ளே. திருப்பூரும் சென்னையும் வெளியே. இப்படி ஒரு கோடு நமக்கும் வேண்டும். கோட்டுக்குள் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கோட்டைத் தாண்டினால் இரண்டு மாதம் முன்னால் ஒரு பதிவுத் தபால். மறுப்பு இருந்தால் அந்த இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் தபால் போட்டவர் போகலாம்.

சட்ட ஆணையம் 2015-ல் தந்த 257-ஆவது அறிக்கையில் பெற்றோர் இடம் மாறுவதற்கும் வழிகாட்டுதல் இருந்தது. அது சட்டமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பநல நீதிமன்றங்கள் தாங்கள் போடும் ஒவ்வோர் உத்தரவிலும் ‘ஊர் மாறினால்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிடலாம். பரஸ்பர சம்மத மனு எழுதும் வக்கீல்களும் அதை எழுதலாம். இன்று நகை எத்தனை பவுன் என்பதற்கு ஒரு பக்கம் எழுதுகிறோம், பிள்ளைக்கு இரண்டு வரி.

அடிக்குப் பயந்து ஓடும் பெண்ணுக்கு இந்த விதி பொருந்தக் கூடாது. குடித்துவிட்டு வந்து கதவை உடைப்பவனுக்குப் புது விலாசத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்வது கொடுமை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மாவட்டம் இது. இங்கே பல மணமுறிவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, தான் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே பெண் மனு போடலாம். பிள்ளை தன்னிடம் இருக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

தூரம் கூடினால் பார்க்கும் முறையும் மாற வேண்டும். வாராவாரம் இரண்டு மணி நேரம் என்ற உத்தரவைத் தூக்கிப்போட்டுவிட்டு, காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் பாதிப் பாதி நாளை அப்பா வீட்டில் பிள்ளை தங்கும்படி எழுதலாம். அப்போது அப்பா வீட்டுப் பாட்டிக்கும் பேரப்பிள்ளை கிடைக்கும். பஸ் செலவை வருமானத்துக்கு ஏற்பப் பிரித்து, கொண்டுவந்து விடுவது ஒருவர், திரும்பக் கூட்டிப்போவது மற்றவர் என்று வைக்கலாம். 2020-ல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தூரத்தில் இருக்கும் பெற்றவர் தினமும் ஐந்து பத்து நிமிடம் வீடியோவில் பேசுவதையே ஓர் உரிமையாகச் சொன்னது. அதை நேரம் குறித்து எழுத வேண்டும். ‘வசதிப்பட்டபோது’ என்று எழுதினால் வசதிப்படவே படாது.

நாள்காட்டியையும் கொஞ்சம் பாருங்கள். பள்ளி மாறும் மே மாதத்தில்தான் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஊர் மாறும் மனுக்களை மார்ச், ஏப்ரலிலேயே முடித்துவிட்டால் ஜூனில் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும் என்ற குழப்பம் இருக்காது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையை நீதிபதி தன் அறையில் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். அந்தக் கேரளப் பையனிடம் வேலூர் மருத்துவர்கள் கடைசியில் கேட்டதை 2019-லேயே யாராவது கேட்டிருக்கலாம்.

பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவர் எழுதிக் கொடுத்தால் டி.சி. தரலாம், காமன் பூலுக்கு விடலாம். நீதிமன்றத் தடை இருந்தால் மட்டும் நிறுத்தலாம். அப்பா வந்து கேட்டால் எந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும், வன்முறைப் புகார் இருக்கும் இடம் தவிர. தலைமையாசிரியருக்கும் அது ஒரு கவசம்.

மலைக்கு மேலே நீதிமன்றம் கட்டச் சொல்லவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே சொல்கிறது. அதைக் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. சிக்னல் எல்லா ஊரிலும் இருக்கிறதா என்பதை மலைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே தாலுகா சட்டப் பணிகள் குழுவிலிருந்து ஒரு தன்னார்வலர், முடிந்தால் ஒரு மலைப் பெண், மாதம் ஒருமுறை ரேஷன் போடும் நாளில் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் வரட்டும். ஊர்க்கவுண்டர் சொன்ன தீர்ப்பை அவர் ஒரே தாளில் எழுதித் தரட்டும். பிள்ளை யாரிடம், எந்தப் பள்ளி, எந்த லீவில் எந்த வீடு, பஸ் காசு யாருடையது என்று அதில் இருக்கட்டும். ஊர்க்கவுண்டர், அப்பா, அம்மா மூன்று பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். அதே நாளில், அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, சாதிச் சான்றிதழுக்கான மனுவையும் எழுதி வாங்கிவிட வேண்டும்.